ஒரு பாட்டில் இரண்டு ரமலான்



கடைத்தெருவில் ஏதோ ஓர் அலுவலாக நடந்துகொண்டிருக்கிறீர்கள். அரிசி விலையையும் மின்கட்டணத்தையும் மனம் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவ்வேளையில் எங்கிருந்தோ ஒரு பழைய பாட்டு காற்றில் மிதந்து வருகிறது. அதை நீங்கள் தேடிப் போகவில்லை. கேட்க வேண்டுமென்று எண்ணவும் இல்லை. ஆயினும் கால்கள் தாமாகத் தயங்குகின்றன. கண்ணெதிரே இருந்த கடைத்தெரு மறைந்து, நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஓடி விளையாடிய முற்றம் தெரிகிறது. மண்ணுக்குள் மறைந்துவிட்ட ஒருவர் உங்களைப் பெயர் சொல்லி அழைப்பது போலிருக்கிறது. அடுப்பங்கரைப் புகைகூட மூக்கில் ஏறுகிறது. பாட்டு முடிகிறது, கடைத்தெரு மீண்டும் வந்துவிடுகிறது. ஆனால் கண்ணோரம் ஏன் ஈரமாயிற்று என்று உங்களுக்கே விளங்குவதில்லை.

இந்த அனுபவத்தை அறியாதவர் நம்மில் எவரும் இரார். ஒவ்வொருவருக்கும் ஒரு பாட்டு உண்டு. அந்தப் பாட்டுக்குள் ஒரு காலம் உண்டு. அந்தக் காலத்தை அங்கே வைத்தவர் யார்? இக்கேள்விக்கு நான் விடை கண்டது எங்கள் வீட்டிலேதான். அதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் வீட்டு ரமலான்

1981ஆம் ஆண்டு. ஆனி மாதத்தின் பிற்பகுதியில் ரமலான் பிறந்தது. எனக்கு அப்போது வயது பத்து. எங்கள் ஊர் கடலோரத்து ஊர். பாதி வீடுகளில் ஆண்கள் இரார்; சபுரில் இருப்பார்கள். கடல் கடந்து பிழைக்கப் போவதை எங்கள் பக்கத்தில் சபுர் என்றே சொல்வது வழக்கம். எங்கள் வாப்பாவும் சிங்கப்பூரில் ஒரு கடையில் வேலை பார்த்துவந்தார்கள். ஊர் திரும்பிய ஒருவர் வழியாக முந்திய ஆண்டு அவர்கள் அனுப்பிய ‘நேஷனல்’ டேப் ரிக்கார்டர் ஒன்று எங்கள் கூடத்து மாடத்தில் வீற்றிருந்தது. அதனுடன் வந்த கேசட்டுகள் மூன்றே மூன்று. அவற்றுள் ஒன்று நாகூர் இ.எம். ஹனிபா அவர்களுடைய பாடல்கள்.

அந்த ரமலானில் சஹர் நேரத்தில் எங்களை எழுப்பியது இருவர் குரல். முதலாவது, தாயிராவைத் தட்டிக்கொண்டு தெருத் தெருவாக வரும் பக்கீர்சாவின் குரல். தொலைவில் மெல்லத் தொடங்கி, எங்கள் வாசலுக்கு வரும்போது ஓங்கி, அடுத்த தெருவில் தேய்ந்து மறையும். அடுத்தது, உம்மா இயக்கிவைக்கும் கேசட்டிலிருந்து எழும் ஹனிபாவின் குரல். இறைவனின் கருணையைப் பாடும் பாட்டு அது. அக்குரலைக் கேட்டபடியே தூக்கம் கலையாத கண்களோடு பாயிலிருந்து எழுந்து வருவோம். சுடுசோறும் தயிரும் வாழைப்பழமும் தட்டில் காத்திருக்கும்.

அஸருக்குப் பின் பள்ளிவாசலுக்குத் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு ஓடுவோம். பெரிய தேக்சாவில் கொதித்து இறங்கிய நோன்புக் கஞ்சியை வரிசையில் நின்று வாங்கி, சிந்தாமல் வீடு வந்து சேர்வதே ஒரு வீரச் செயல். நோன்பு திறந்த பிறகும் அதே கேசட்டு ஓடும். மின்கலம் தளர்ந்தால் ஓரிடத்தில் குரல் இழுபட்டு, யாரோ உறக்கத்தில் பாடுவது போலக் கேட்கும். நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலை நுழைத்துச் சுற்றி மீட்பது என் பொறுப்பு. பெருநாளுக்கு எனக்கு நீலநிறச் சட்டை வந்தது. தங்கைக்குச் சரிகை வைத்த பாவாடை. காலையில் தக்பீர் முழக்கத்தோடு தொழுகைக்குப் போனோம்.

இவைதாம் அந்த ரமலானைப் பற்றி என் நெஞ்சில் தங்கியிருந்தவை. அதன் பின்னர் எத்தனையோ ரமலான்கள் வந்து சென்றன. ஆனால் அந்தப் பாட்டு காதில் விழும்போதெல்லாம் வருவது 1981 மட்டுமே. இன்று கைபேசியில் அதே பாட்டைத் துல்லியமாகக் கேட்கிறேன். குரல் இழுபடும் அந்த இடம் வரும்போது காது இன்னும் காத்திருக்கிறது. அது இழுபடாமல் கடந்து செல்லும்போது ஏதோ ஒன்று குறைந்தது போலத் தோன்றுகிறது.

ஹனிபா அவர்களைப் பற்றி இளைய தலைமுறைக்காக ஒரு சொல். 1925ஆம் ஆண்டு பிறந்து, 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் மறைந்தவர். இசைத்தட்டுக் காலத்திலிருந்து கேசட்டு, குறுந்தகடு, கைபேசி என்று கருவிகள் மாறிக்கொண்டே வந்தபோதும் தமிழ் முஸ்லிம் இல்லங்களில் அவர் குரல் மாறாமல் ஒலித்தது. திராவிட முன்னேற்றக் கழக மேடைகளில் ஒலித்த குரலும் அதுவே. 1961இல் வெளிவந்த ‘பாவமன்னிப்பு’ திரைப்படத்தில் டி.எம். சௌந்தரராஜனோடு இணைந்து பாடியவரும் அவரே. பல்லாயிரம் வீடுகளில் ரமலானின் குரல் அவர் குரலாகவே இருந்தது. ஆயினும் ஒவ்வொரு வீட்டிலும் அது வேறொரு கதையைத் தன்னுள் வைத்திருக்கிறது என்பதை நான் அறிய நெடுங்காலம் ஆயிற்று.

மனத்தின் இயல்பு

பாட்டுக்கும் நினைவுக்கும் உள்ள இந்த உறவை இன்றைய உளவியலார் நுணுகி ஆராய்ந்திருக்கிறார்கள். நாற்பது வயதைக் கடந்தவர்களிடம் வாழ்வின் நினைவுகளைக் கேட்டால், ஏறத்தாழ 10 வயது முதல் 30 வயது வரையிலான காலத்து நினைவுகளே மற்றக் காலங்களைவிட மிகுதியாக வருகின்றன என்று அவர்கள் கண்டிருக்கிறார்கள். முதல் நோன்பு, முதல் பிரிவு, திருமணம், முதற்குழந்தை என்று வாழ்வின் ‘முதல்கள்’ பலவும் நிகழும் காலம் அதுவன்றோ?

2009ஆம் ஆண்டு, அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பீட்டர் ஜனாட்டா என்னும் ஆய்வாளர் தம் ஆய்வொன்றை வெளியிட்டார். மாணவர்களுக்கு, அவர்களுடைய 8 வயது முதல் 18 வயது வரையிலான காலத்தில் புகழ்பெற்றிருந்த பாடல்களின் சிறு பகுதிகளை ஒலிக்கச் செய்து, அவர்களது மூளையின் இயக்கத்தைக் கருவியால் படமெடுத்தார். தம் வாழ்வின் நினைவோடு பிணைந்த பாட்டைக் கேட்டபோது, நெற்றிக்குப் பின்னே அமைந்துள்ள மூளையின் முன்பகுதி விழித்தெழுந்து செயற்பட்டதைக் கண்டார். அல்ஸைமர் என்னும் மறதி நோய் மூளையைச் சிறிது சிறிதாகத் தின்னும்போது, கடைசியில் தாக்கப்படும் பகுதிகளுள் அதுவும் ஒன்று. பெற்ற மகனின் பெயரை மறந்துவிட்ட முதியவர், இளமையில் கேட்ட பாட்டைக் கேட்டதும் உதடசைத்து உடன் பாடுவதன் காரணம் இதனால் ஓரளவு விளங்குகிறது.

மூளையின் எந்த மூலையில் நினைவு உறைகிறது என்பதை அறிவியல் இவ்வாறு காட்டுகிறது. பாட்டு நெஞ்சில் என்ன செய்கிறது என்பதை நம் முன்னோர்களும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

இமாம் கஸ்ஸாலியின் சொல்

இசையைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அதற்குத் தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதற்குரிய தகுதியும் எனக்கில்லை. ஆனால் நாம் எடுத்துக்கொண்ட பொருளை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தொட்டுச் சென்றிருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் இருக்க இயலாது.

கி.பி. 1058 முதல் 1111 வரை வாழ்ந்த அப்பேரறிஞரின் ‘இஹ்யா உலூமித்தீன்’ 40 நூல்களாக வகுக்கப்பட்டது. அவற்றுள் 18ஆவது, பாட்டைச் செவிமடுப்பதைப் பற்றியது. எவை கூடும், எவை கூடா என்று அதிலே வரம்புகள் பல வகுக்கிறார்கள். அவ்விடத்தில் முன்னோரின் சொல் ஒன்றையும் எடுத்துக் காட்டுகிறார்கள். அதன் கருத்து இதுதான்: பாட்டு, உள்ளத்தில் இல்லாத எதையும் அங்கே கொண்டுவந்து வைப்பதில்லை, முன்னரே அங்கே இருப்பதைத்தான் அசைக்கிறது.

சற்று நின்று எண்ணிப் பாருங்கள். ஹஜ்ஜுக்குப் புறப்படுவோரின் பாட்டைக் கேட்டு ஒருவர் கண்ணீர் வடித்தால், அக்கண்ணீர் பாட்டிலிருந்து வந்ததன்று. கஅபாவின் மீது அவர் கொண்ட ஏக்கம் முன்னமே நெஞ்சில் இருந்தது. பாட்டு அதைத் தட்டி எழுப்பியது, அவ்வளவே. அந்த ஏக்கம் இல்லாதவர் காதில் அது வெறும் ஓசையாகவே விழுந்து கழியும்.

ஆகவே, ‘என்னை உருக்கிய பாட்டு’ என்று நாம் சொல்லும்போது, உண்மையில் நம்மை உருக்கியது நாம் வாழ்ந்த ஒரு காலமேயாகும்.

அன்சாரிச் சிறுமியரின் பாட்டு

ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்ற ஒரு நிகழ்ச்சி உங்களுக்கு நினைவிருக்கலாம். ஒரு பெருநாள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் அன்சாரிகளைச் சேர்ந்த இரு சிறுமியர் பாடிக்கொண்டிருந்தனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முகத்தைத் திருப்பியவாறு படுத்திருந்தார்கள். அங்கு வந்த அபூபக்கர் (ரலி) அவர்கள், இறைத்தூதரின் இல்லத்தில் இதுவா என்று கடிந்துகொண்டார்கள். அவர்களை விட்டுவிடுமாறும், ஒவ்வொரு சமூகத்தார்க்கும் ஒரு பெருநாள் உண்டு, இது நமது பெருநாள் என்றும் அண்ணலார் கூறினார்கள்.

இந்த நிகழ்ச்சியைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அச்சிறுமியர் எதைப் பாடினார்கள் என்பதை நாம் கவனிப்பது அரிது. அவர்கள் பாடியது புஆஸ் போரைப் பற்றிய பாட்டு. ஹிஜ்ரத்திற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் மதீனாவின் அவ்ஸ், கஸ்ரஜ் என்னும் இரு குலத்தாரும் தமக்குள் மோதிக்கொண்ட போர் அது. இரு தரப்பிலும் தலைவர்கள் பலர் மடிந்தார்கள். அப்போரைத் தம் கண்ணால் கண்டவர்களின் நெஞ்சில் அப்பாட்டு எதை அசைத்திருக்கும்? இழந்த அண்ணனை, தந்தையை, எரிந்துபோன உறவுகளை அன்றோ? ஆனால் பாடிய சிறுமியருக்கு அது பெருநாள் மகிழ்ச்சிக்குரிய பாட்டு. ஒரு தலைமுறையின் காயம் அடுத்த தலைமுறையின் வாயில் விளையாட்டாக ஒலித்தது. ஒரே பாட்டுக்குள் இரண்டு காலங்கள்!

பிலால் அவர்களின் குரல்

இன்னும் ஒரு நிகழ்ச்சி. பாங்கு பாட்டன்று, திருமறை ஓதுதலும் பாட்டன்று. அவற்றின் தகுதி வேறு. ஆயினும் ஒரு குரல் ஒரு காலத்தைச் சுமந்து நிற்பதற்கு இதைக் காட்டிலும் உருக்கமான சான்று வேறில்லை என்பதால் சொல்கிறேன்.

மதீனாவில் தொழுகைக்கு அழைத்த குரல் பிலால் (ரலி) அவர்களுடையது. கி.பி. 630இல் மக்கா வெற்றிகொள்ளப்பட்டபோது கஅபாவின் மேலேறி முழங்கியதும் அக்குரலே. கி.பி. 632இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்த பின்னர், மதீனாவில் நின்று பாங்கு சொல்ல அவர்கள் மனம் இடம் தரவில்லை. ஷாம் நாட்டிற்குச் சென்றுவிட்டார்கள். சில ஆண்டுகள் கழிந்தன. கி.பி. 638ஆம் ஆண்டளவில் கலீபா உமர் (ரலி) அவர்கள் ஷாமுக்கு வருகை தந்தபோது, பிலால் அவர்கள் மீண்டும் பாங்கு சொன்னார்கள். கேட்டவர்கள் அனைவரும் நபிகளாரை நினைத்து அழுதார்கள். அன்று அழுததைப் போல மக்கள் அழுததைத் தாம் கண்டதில்லை என்று உடனிருந்தவர் அறிவித்திருக்கிறார்.

அப்பாங்கின் சொற்கள் நாள்தோறும் ஐந்து வேளை அவர்கள் கேட்டவைதாமே? புதியது எதுவும் அதில் இல்லை. ஆனால் அந்தக் குரல், பேரீச்ச ஓலை வேய்ந்த பள்ளிவாசலையும், அங்கே முன்னின்று தொழவைத்த திருமுகத்தையும் திரும்பக் கொண்டுவந்தது. அக்கூட்டத்திலே புதிதாக இஸ்லாத்தில் இணைந்த ஷாம் நாட்டு இளைஞர் சிலரும் நின்றிருக்கக் கூடும். அவர்கள் கேட்டது ஓர் இனிய பாங்கை. அருகில் நின்று விம்மிய முதிய தோழர் கேட்டது ஏறத்தாழப் பத்தாண்டு வாழ்வை. தோளோடு தோள் நின்ற இருவர், ஒரே ஒலியில் இரு வேறு உலகங்களைக் கேட்டார்கள்.

நம் வாழ்வின் ஒலிகள்

நமது வாழ்வையும் எண்ணிப் பாருங்கள். பிறந்தவுடன் காதில் பாங்கு. தொட்டிலில் தாலாட்டு. மக்தபில் சேர்ந்திசையாக ஒலிக்கும் அலிஃப், பே. ரபீஉல் அவ்வல் பிறந்தால் மவ்லிது ஓதும் இல்லங்கள். பாட்டனார் ராகத்தோடு படித்த சீறாப்புராணம். உமறுப் புலவரின் அக்காவியத்தில் ஒரு விருத்தத்துக்கும் பொருள் தெரியாத வயதிலேயே அதன் ஓசை நமக்குப் பழகிவிட்டது. வாசலில் நின்று பக்கீர்கள் பாடிய குணங்குடி மஸ்தான் சாகிபு. கல்யாண வீட்டில் பெண்கள் கூடிப் பாடிய பாட்டுகள். ஒவ்வொரு பருவத்தையும் ஓர் ஒலி கட்டி வைத்திருக்கிறது.

இவற்றுள் எது நம் நெஞ்சில் தங்கும் என்பதை எவரும் முன்கூட்டி முடிவு செய்வதில்லை. சிறந்த பாட்டுத்தான் தங்கும் என்பதுமில்லை. வாழ்வில் ஏதோ ஒன்று நிகழ்ந்துகொண்டிருக்கும்போது அருகில் எந்தப் பாட்டு ஒலித்ததோ, அதுவே அந்நாட்களைப் பற்றிக்கொள்கிறது. அன்று எங்கள் வீட்டில் நிகழ்ந்துகொண்டிருந்தது என்ன என்பதை, பத்து வயதுச் சிறுவனாகிய நான் அறிந்திருக்கவில்லை.

“அதை நிறுத்து வாப்பா!”

ஹனிபா அவர்கள் மறைந்த செய்தி வந்த மறுநாள். 2015 ஏப்ரல். எங்கள் வாப்பா மறைந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. உம்மா என்னுடன் இருந்தார்கள். மனம் கனத்திருந்த நான், அவர்கள் பக்கத்தில் அமர்ந்து, கைபேசியில் அந்தப் பாட்டை ஒலிக்கவிட்டேன். உம்மாவுக்கு மிகவும் பிடித்த பாட்டு, கேட்டால் மகிழ்வார்கள் என்பது என் எண்ணம்.

முதலடி முடியவில்லை. “அதை நிறுத்து வாப்பா!” என்றார்கள்.

நான் திகைத்தேன். “ஏன் உம்மா? உங்களுக்குப் பிடித்த பாட்டுத்தானே?”

“பிடித்த பாட்டு என்று யார் சொன்னது?”

“நீங்கள்தானே அந்த நோன்பு முழுக்க இதையே போட்டீர்கள்?”

உம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்கள்: “அந்த நோன்பில் உன் வாப்பாவிடமிருந்து ஒரு கடிதம்கூட வரவில்லை. மூன்று மாதம். பணமும் இல்லை, தகவலும் இல்லை. உயிரோடு இருக்கிறார்களா என்றே எனக்குத் தெரியாது. உங்களிடம் சொல்லவில்லை. வீடு வெறிச்சென்று இருக்கக் கூடாது, நீங்கள் என் முகத்தைப் பார்த்து எதுவும் கேட்டுவிடக் கூடாது என்றுதான் அதைப் போட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விடுவேன்.”

வாப்பா வேலை பார்த்த கடை மூடப்பட்டுவிட்டது. வேறு வேலை கிடைக்கும்வரை ஊருக்கு எழுதக் கூசி அவர்கள் மௌனமாக இருந்துவிட்டார்கள். பெருநாள் கழிந்து பத்து நாட்களுக்குப் பின்னரே கடிதம் வந்தது. இவையெல்லாம் அன்றுதான் எனக்குத் தெரிந்தன.

“அப்படியானால் பெருநாளுக்கு எங்களுக்குப் புதுத்துணி எடுத்தீர்களே, உம்மா?”

அவர்கள் தம் இடக்கையைத் தூக்கிக் காட்டினார்கள். அதில் ஒரே வளையல். அதன் இணை எங்கே என்று முப்பத்து நான்கு ஆண்டுகளாக நான் கேட்டதில்லை. ஒற்றை வளையலே உம்மாவின் வழக்கம் என்று எண்ணியிருந்தேன்.

அன்பர்களே! நான் ஆனந்தம் என்று நெஞ்சில் பொதிந்து வைத்திருந்த அதே முப்பது நாட்கள், என் தாய்க்கு அச்சத்தின் முப்பது நாட்கள். ஒரே வீடு, ஒரே கேசட்டு, ஒரே பாட்டு. எனக்கு அதில் நோன்புக் கஞ்சியின் மணம். அவர்களுக்கு அதில் வராத கடிதம். அவர்கள் தம் கலக்கத்தை அடுப்பங்கரையிலேயே நிறுத்திக்கொண்டதால்தான் கூடத்திலிருந்த எங்களுக்கு அது ரமலானாக இருந்தது. என் பாட்டுக்குள் அந்த இனிய நாட்களை வைத்தவர் யார் என்ற கேள்விக்கு அன்று விடை கிடைத்தது. ஹனிபா அவர்கள் பாட்டைத் தந்தார்கள். நாட்களைத் தந்தவர்கள் உம்மா.

நாம் எதை வைக்கிறோம்?

இமாம் கஸ்ஸாலி எடுத்துக்காட்டிய சொல்லை இப்போது மீண்டும் எண்ணுங்கள். பாட்டு உள்ளத்தில் இருப்பதைத்தான் அசைக்கிறது என்றால், அந்த உள்ளத்தில் முதலில் ஏதேனும் வைக்கப்பட்டிருக்க வேண்டுமன்றோ?

இன்று சஹருக்குக் கைபேசியின் மணி எழுப்புகிறது. தாயிராவோடு வரும் பக்கீர்சாவை எங்கள் தெரு கண்டு பல ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் ஆளுக்கொரு கருவியைக் காதில் செருகிக்கொண்டு, தத்தமக்குப் பிடித்ததைத் தனித்தனியே கேட்கிறார்கள். இதைக் குறைகூற நான் எழுதவில்லை. எங்கள் காலத்து டேப் ரிக்கார்டரையும் அன்றைய முதியவர்கள் குறைசொன்னார்கள். நம் பிள்ளைகள் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் எந்தப் பாட்டைக் கேட்டுக் கடைத்தெருவில் நிற்கப் போகிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. அதைத் தேர்ந்து கொடுக்கும் அதிகாரமும் நமக்கில்லை. நாம் விரும்பி ஊட்டிய பாட்டை அவர்கள் மறந்துவிடலாம். நாம் முகம் சுளித்த ஒன்றையே வாழ்நாளெல்லாம் போற்றலாம்.

ஆனால் அப்பாட்டோடு சேர்ந்து எந்த நாட்கள் திரும்பி வரும் என்பது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. அப்பாட்டு ஒலித்த வீட்டில் கடுஞ்சொல் இருந்ததா, கனிவு இருந்ததா? சஹர் வேளையில் குடும்பம் ஒன்றாக அமர்ந்ததா? கஞ்சி வாங்கி வந்த தூக்குச்சட்டியிலிருந்து பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போயிற்றா? பாட்டு இவற்றையெல்லாம் சாட்சியாகப் பதிந்து வைத்துக்கொள்ளும். பின்னொரு நாள், நாம் இல்லாத ஓர் இடத்தில், நம்மைப் பற்றி நம் பிள்ளைகளிடம் அது பேசும்.

மற்றொன்றும் சொல்வேன். உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் இன்றே கேளுங்கள்: “உம்மா, இந்தப் பாட்டைக் கேட்டால் உங்களுக்கு எந்தக் காலம் நினைவுக்கு வருகிறது?” வாப்பாவிடம் கேளுங்கள், பாட்டனாரிடம் கேளுங்கள். நாம் மகிழ்ச்சியென்று எண்ணியிருந்த நாட்களுக்கு அவர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பது அப்போது தெரியவரும். எனக்கு அது தற்செயலாகத் தெரிந்தது. அந்தப் பாட்டை நான் ஒலிக்கவிட்டிராவிட்டால், ஒரு வளையலின் கதை என் தாயோடு மண்ணுக்குள் போயிருக்கும்.

உம்மா 2019ஆம் ஆண்டு இறைவனடி சேர்ந்தார்கள். அதன்பின் வந்த முதல் ரமலானில், சஹர் நேரத்தில், மிகவும் தயங்கி அந்தப் பாட்டை ஒலிக்கவிட்டேன். முன்போலவே 1981 வந்தது. பாயும், தயிர்ச்சோறும், தூக்குச்சட்டியும் வந்தன. ஆனால் இம்முறை நான் கூடத்திலேயே நின்றுவிடவில்லை. நினைவிலே எழுந்து அடுப்பங்கரை வரை சென்றேன். அங்கே முப்பது வயதுகூட நிரம்பாத ஒரு பெண், அடுப்பின் முன் குனிந்து, நாங்கள் வரும் ஓசை கேட்டதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி திரும்பினாள்.

எங்களை இளமையில் அன்போடு வளர்த்த எங்கள் பெற்றோர்க்கு அருள் புரிவாயாக, இறைவா! நாங்களும் எங்கள் பிள்ளைகளின் நினைவில் அத்தகைய நாட்களாகத் தங்கும் பேற்றைத் தந்தருள்வாயாக! ஆமீன்.